தாய்மாமனுக்கு எந்தக் கட்டம்?

அக்கா மகனுக்கும் ஸ்காட்லாந்துப் பெண் ஒருத்திக்கும் கல்யாணம். அக்கா, மச்சான், தாய்மாமன் என்ற முறையில் நான், என் மனைவி என்று நான்கு பேர் கிளம்பினோம். விசா, டிக்கெட் கதையெல்லாம் சொல்லப்போவதில்லை, அவை ஒழுங்காக நடந்தன. ஒழுங்காக நடக்காதது என் இடுப்புத் துணி. அழைப்பிதழின் அடியில் ஒரு வரி இருந்தது: 'ஹைலேண்ட் உடை அல்லது அவரவர் நாட்டு உடை.' ஹைலேண்ட் உடை என்றால் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட மடிப்புத் துணி, கில்ட். பேசாமல் வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆசை யாரை விட்டது? ராத்திரிகளில் செல்போனில் தட்டி வைத்ததைத் தேதிவாரியாகப் போடுகிறேன்.

9 ஜூன் 2024, ஞாயிறு. எடின்பரோ

விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "ஏண்டா, இது ஜூன் மாசந்தானா?" பதினோரு டிகிரி. மழை என்று சொல்ல முடியாத ஒரு சாரல். குடை பிடித்தால் காற்று பிடுங்குகிறது, மடக்கினால் கண்ணாடி நனைகிறது. உள்ளூர்க்காரர்கள் யாரும் குடையே வைத்திருக்கவில்லை.

சாயங்காலம் ராயல் மைல் தெருவுக்குப் போனோம். கோட்டையில் தொடங்கி அரண்மனை வரை இறங்கும் தெரு. எதிரும் புதிருமாகக் கட்டம் போட்ட துணிக்கடைகள். கில்ட், மஃப்ளர், தொப்பி, நாய்க்குச் சட்டை, எல்லாவற்றிலும் டார்டன் என்ற அந்தக் கட்டம். வாசலில் தொங்கிய கில்ட் 35 பவுண்டு. கையை வைத்துப் பார்த்தேன். கம்பளி இல்லை, அக்ரிலிக். ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் மடிப்பும் கம்மி. அப்பா உயிரோடு இருந்திருந்தால் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட்டிருப்பார். சென்னிமலையில் முப்பத்தைந்து வருஷம் தறியில் உட்கார்ந்து பெட்ஷீட் நெய்தவர்.

உள்ளே சுவர் முழுக்கப் பெயர்ப் பட்டியல். உன் குடும்பப் பெயரைச் சொன்னால் உன் கட்டம் எதுவென்று சொல்வார்கள். அமெரிக்கர் ஒருவர் அப்பா பெயர், அம்மா பெயர், பாட்டி பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவதில் கிடைத்துவிட்டது, முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து என் முறை. "சர்நேம்?" என்றான் பையன். எனக்கு ஏது சர்நேம்? இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. அதைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "கவலைப்படாதீர்கள், ராயல் ஸ்டூவர்ட் எல்லாருக்கும் பொது" என்று சிவப்பு மஃப்ளர் ஒன்றை நீட்டினான். ராஜாவின் கட்டம் பொதுவாம். குடியானவனின் கட்டத்துக்குத்தான் பெயர் கேட்கிறார்கள்.

ராத்திரி ஹாகிஸ். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலைப் பொடியாகக் கொத்தி, ஓட்ஸும் மிளகும் சேர்த்து வேகவைத்தது. பக்கத்தில் கிழங்கு மசியல் இரண்டு நிறத்தில். நம்மூர்க் குடல்கறி சாப்பிட்டவனுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. மச்சான் இரண்டு தட்டு. அக்கா தட்டையே பார்க்கவில்லை.

10 ஜூன், திங்கள். எடின்பரோ

காலையில் தேசிய அருங்காட்சியகம். பால்கர்க் என்ற ஊரில் பானைக்குள் ரோமானிய வெள்ளிக்காசுகளோடு கிடைத்த ஒரு சின்னத் துணித்துண்டு இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டு. சாயமே ஏற்றாத ஆட்டு ரோமம், வெள்ளையும் பழுப்புமாகச் சின்னக் கட்டம். சுற்றி நின்றவர்கள் போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்தார்கள். நான் கண்ணாடியில் மூக்கு படும்வரை குனிந்து பார்த்து, காவலரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

மத்தியானம் வாடகைக் கடை. நல்ல கம்பளியில் தைத்த கில்ட் சொந்தமாக வாங்க 600 பவுண்டுக்கு மேல் ஆகும். ஒரு நாள் கூத்துக்கு அவ்வளவு கொட்ட முடியுமா? கோட்டு, தோல்பை, முழங்கால் சாக்ஸ், நீளக் கயிறு வைத்த ஷூ, சாக்ஸில் செருகும் மொக்கைக் கத்தி எல்லாம் சேர்த்து வாடகை 95 பவுண்டு.

அளவெடுத்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். பேண்ட் நிற்கும் இடத்தில் கில்ட் நிற்கக் கூடாது, தொப்புளுக்கு நேரே ஏற வேண்டும் என்றார். பிறகு மண்டி போடச் சொன்னார். மண்டியிட்டால் ஓரம் தரையைத் தொடாமல் நிற்க வேண்டும், அதுதான் சரியான நீளம். அப்புறம் முக்கியமான கேள்வி: எந்தக் கட்டம்?

பெண் வீடு மன்றோ குலம். 'எங்கள் கட்டத்தையே கட்டிக்கொள்ளுங்கள், இனி நீங்களும் குடும்பம்தானே' என்று சம்பந்தி முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "பொண்ணு வீட்டுத் துணியை மாப்பிள்ளையோட மாமன் கட்டறதா? சனம் என்ன சொல்லும்?" ஊர்ச் சனம் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் 'கூட்டம்', அதாவது குலப்பிரிவு, பார்த்துப் பெண் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தானாக வந்துவிடும்.

அந்த அம்மாவிடம் கேட்டேன், யார் எதைக் கட்டலாம் என்று சட்டம் ஏதும் உண்டா? சிரித்தார். சட்டமே இல்லையாம். பால்மோரல் என்ற சாம்பல் கட்டம் ஒன்று, விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் 1853இல் வரைந்தது, அது மட்டும் ராஜ குடும்பத்துக்கும் அரசருக்குப் பேக்பைப் வாசிப்பவருக்கும். மற்றபடி அப்பா வழியில் குலம் இல்லையென்றால் அம்மா வழி, பாட்டி வழி பார்ப்பார்கள். அதுவும் இல்லையா, பிறந்த மாவட்டத்தின் கட்டம், வேலை பார்த்த ரெஜிமெண்டின் கட்டம் இருக்கிறது. சிங் என்ற பெயரிலேயே ஒரு டார்டன் பதிவாகியிருக்கிறது. 2009 முதல் அரசாங்கமே பதிவேடு வைத்திருக்கிறது, புதுக்கட்டம் போட்டு யார் வேண்டுமானாலும் பதியலாம். "ஆனால் விருந்தில் யாராவது கிழவர் வந்து, ஏன் இதைக் கட்டியிருக்கிறாய் என்று கேட்பார். அதற்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒரு கதை இருந்தால் போதும், பத்திரம் வேண்டாம் என்கிற மாதிரி.

கடைசியில் பிளாக் வாட்ச் என்ற படைப்பிரிவின் கட்டம். நீலம், கறுப்பு, பச்சை. ராணுவத்துக்காக அரசாங்கம் கொடுத்த கட்டம், பொதுவானது. அந்தப் படையை முதலில் நடத்தியவர்களில் ஒருவர் ஒரு மன்றோ என்பதால் மன்றோக்களும் இதை இரண்டாவது கட்டமாக உடுத்துகிறார்கள். அக்காவுக்கும் திருப்தி, சம்பந்திக்கும் குறையில்லை. பெட்டி வியாழக்கிழமை வடக்கே சம்பந்தி வீட்டுக்கு வந்துவிடும் என்று ரசீது எழுதிக் கொடுத்தார்கள்.

11 ஜூன், செவ்வாய். செல்கர்க்

பெண்களுக்குக் கடைவீதி, எங்களுக்குத் தறி. பஸ்ஸில் தெற்கே இரண்டு மணி நேரம். செம்மறி ஆடும் கல்வேலியும் தவிர வழியில் ஒன்றுமில்லை. மச்சான் தூங்கிவிட்டார்.

ஆலைக்குள் நுழைந்ததும் அந்தச் சத்தம். விசைத்தறி உலகம் முழுக்க ஒரே பாஷைதான் பேசுகிறது. சுற்றிக்காட்டியவர் எனக்கு டார்டன் என்றால் என்ன என்று ஆரம்பித்தார். பாவில், அதாவது நீளவாட்டு நூலில், என்ன வரிசையில் கலர் ஓடுகிறதோ அதே வரிசை, அதே எண்ணிக்கை குறுக்கே ஓடும் ஊடையிலும் ஓட வேண்டும். பாதி வரை போய், ஒரு கலரில் திரும்பி, கண்ணாடியில் பார்த்த மாதிரி பின்னோக்கி வர வேண்டும். நம் லுங்கி ஒன்று மேலே ஒன்று கீழே. இது இரண்டு மேலே இரண்டு கீழே, அதனால் துணியில் சாய்வாக ஒரு கோடு தெரியும். நீலப் பாவில் நீல ஊடை விழும் இடம் முழு நீலம். நீலப் பாவில் பச்சை ஊடை விழும் இடத்தில் இரண்டும் சரிபாதி, தூரத்தில் நின்றால் மூன்றாவதாக ஒரு நிறம். மூன்று கலர் நூல் போட்டால் ஆறு நிறம் கிடைக்கும். ஆறு கலர் போட்டால் இருபத்தொன்று. நூல்காரனுக்குச் செலவில்லாமல் கிடைக்கிற லாபம்!

பிளாக் வாட்ச் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. நம் துணியாச்சே என்று பக்கத்தில் போனேன். அவர் ஒரு விஷயம் சொன்னார். இந்தக் கறுத்த கட்டத்தின் மேல் ஒரு மஞ்சள் இழை ஓட்டினால் அது கார்டன். பச்சையின் நடுவே வெள்ளையும் நீலத்தின் நடுவே சிவப்பும் ஓட்டினால் மெக்கன்சி. படைப்பிரிவுகளை அடையாளம் பிரிக்க அப்படி ஒவ்வோர் இழையாகச் சேர்த்தார்களாம். அடித்துணி ஒன்று, குடும்பம் வேறு.

அப்புறம் டீ குடித்துக்கொண்டே அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. குலத்துக்கு ஒரு கட்டம் என்பது ஆதிகாலத்து வழக்கம் இல்லை. பானக்பர்ன் என்ற ஊரில் வில்சன் என்று ஒரு நெசவுக் குடும்பம். ராணுவத்துக்கும் கடைகளுக்கும் மொத்த வியாபாரம். அவர்களுடைய 1819ஆம் வருஷத்து டிசைன் நோட்டு இன்றும் இருக்கிறது. அதற்கு முன் பல கட்டங்களுக்குப் பெயரே கிடையாது, நம்பர்தான். வெறும் நம்பராக இருந்த ஒரு கட்டத்தை, மேற்கிந்தியத் தீவில் தோட்டம் வைத்திருந்த கிட் என்பவர் தன் அடிமைகளுக்கு உடுத்த மொத்தமாக வாங்கினார், உடனே அது 'கிட்' ஆனது. பின்னால் அதே துணி மேக்பர்சன் குலத்தின் பெயரில் விற்றது. 1815இல் லண்டனிலிருந்த ஹைலேண்ட் சங்கம், 'உங்கள் குலத்துக் கட்டத்தில் ஒரு துண்டு வெட்டி அனுப்புங்கள்' என்று குலத்தலைவர்களுக்கு எழுதியது. எது தன் கட்டம் என்பதே பல தலைவர்களுக்குத் தெரியவில்லை. 1842இல் இரண்டு சகோதரர்கள் பழைய சுவடி என்று சொல்லி ஒரு டார்டன் புத்தகமே போட்டார்கள். அது அவர்களே எழுதிய போலி. அதிலிருந்து வந்த கட்டங்களை இன்றைக்கும் ஜனங்கள் பெருமையாக உடுத்துகிறார்கள்.

எனக்கு எங்கள் ஊர் வியாபாரி ஞாபகம் வந்தார். அப்பாவின் பெட்ஷீட்டெல்லாம் அவர் நோட்டில் நம்பர்தான். சேலைக்காரர் பக்கம் கேட்கவே வேண்டாம், அந்த வருஷம் எந்தப் படம் ஓடியதோ அந்தப் பெயர். அத்தை ஒருத்தி தன் கல்யாணச் சேலையின் சினிமாப் பெயரை இன்றும் சொல்லிக் கண் கலங்குவாள். வியாபாரி வைத்த பெயர்தான், கண்ணீர் அவளுடையது.

12 ஜூன், புதன். இன்வர்னெஸ்

எடின்பரோ ஸ்டேஷன் முழுக்க கில்ட். கால்பந்து ரசிகர்கள், ஐரோப்பியக் கோப்பைக்கு ஜெர்மனி போகிறார்கள். காலை ஒன்பதரைக்கே கையில் பீர். ஒரு பெரிய உருவம் என் மனைவியின் பெட்டியைக் கேட்காமலே தூக்கி ரயிலில் வைத்துவிட்டு, 'மேடம்' என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனது. மேலே கால்பந்துச் சட்டை, கீழே கில்ட், காலில் மலையேறும் பூட்ஸ். உடை விதி எல்லாம் எங்கே போச்சு என்று கேட்டதற்கு மாப்பிள்ளை சொன்னான்: "மாமா, மேட்ச்சுக்கு விதி கிடையாது. கல்யாணத்துக்குத்தான்."

ரயில் மூன்றரை மணி நேரம். டேப்லெட் என்று ஒரு இனிப்பு வாங்கினோம். சர்க்கரை, வெண்ணெய், சுண்டிய பால். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் கொஞ்சம் கெட்டியாகிப் போன திரட்டுப்பால். அக்கா இந்த நாட்டில் சிரித்துக்கொண்டே சாப்பிட்ட முதல் பொருள்.

சாயங்காலம் கல்லோடன் மைதானம். 16 ஏப்ரல் 1746இல் ஹைலேண்ட் குலங்கள் சேர்ந்த கலகப் படை அரசாங்கப் படையிடம் தோற்ற சண்டை, ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. புதர் மண்டிய பொட்டல், அங்கங்கே குலப்பெயர் வெட்டிய கற்கள். 1881இல் நட்டவை. ஒரு கல்லில் 'கலந்த குலங்கள்' என்று மட்டும் இருந்தது. யார் எந்தக் குலம் என்று உடுப்பை வைத்துப் பிரிக்க முடிந்திருந்தால் அப்படி ஒரு கல் எதற்கு?

தோற்ற கையோடு வந்தது உடைச்சட்டம். ஹைலேண்ட் ஆண்பிள்ளை கில்ட் கட்டினால் முதல் தடவை ஆறு மாத ஜெயில், இரண்டாம் தடவை ஏழு வருஷம் நாடு கடத்தல். ராணுவத்தில் சேர்ந்தால் மட்டும் கட்டலாம். 1782 வரை இதுதான் நிலைமை. அப்புறம் நாற்பதே வருஷத்தில், 1822இல், நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது அந்த ராஜாவே ராயல் ஸ்டூவர்ட் கட்டிக்கொண்டு நின்றார், உள்ளே தோல் நிறத்தில் ஒரு கால்சட்டை வேறு. ஏற்பாடு எழுத்தாளர் வால்டர் ஸ்காட். ஜெயிலுக்கு அனுப்பிய துணி அரண்மனை உடுப்பாகிவிட்டது.

13 ஜூன், வியாழன். எவன்டன்

சம்பந்தி வீடு கடலோரக் கிராமம். வாசலில் அவரே நின்று, அக்காவுக்குக் கைகூப்பினார். மாப்பிள்ளை பழக்கியிருக்கிறான். உள்ளே மேஜை நிறைய ஸ்கோன், ஜாம், புகை போட்ட மீன் சூப். மீனும் பாலும் ஒன்றாகப் போட்ட சூப்பைப் பார்த்து அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மத்தியானம், "உங்கள் ஊர்ச் சாமான் ஒன்று எங்கள் மலை மேல் இருக்கிறது, வாருங்கள்" என்று கூட்டிப்போனார் சம்பந்தி. ஃபைரிஷ் என்ற குன்று, 453 மீட்டர். வேரும் சேறும் கலந்த செங்குத்துப் பாதை. மிட்ஜ் என்ற கண்ணுக்குத் தெரியாத கொசு வேறு, காற்று நின்ற இடமெல்லாம் காலைப் பிடுங்கியது. முக்கால் மணி நேரத்தில் நான் மூன்று தடவை உட்கார்ந்தேன், என்னைவிடப் பத்து வயது மூத்த சம்பந்தி ஒரு தடவைகூட உட்காரவில்லை.

உச்சியில் வளைவுகளோடு ஒரு கல் வாசல், மதிலும் இல்லை, ஊரும் இல்லை. "நெகபட்டம் கேட்" என்றார். நாகப்பட்டினம்! டச்சுக்காரர்களிடமிருந்து 1781 நவம்பரில் நாகப்பட்டினத்தைப் பிடித்த ஹெக்டர் மன்றோ இந்த ஊர்ப் பண்ணையார். அந்தக் கோட்டை வாசலைப் போலத் தன் மலையில் ஒன்று கட்டிக்கொண்டார். பிழைப்பு இல்லாமல் கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுக்கக் கட்டியது என்றும், வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று ராத்திரியில் கல்லை உருட்டிவிடுவார் என்றும் ஊரில் கதை. உருட்டிய கல்லை மறுநாள் யார் தூக்கியிருப்பார்கள் என்று யோசித்தேன், கேட்கவில்லை.

வேறொன்றும் ஞாபகம் வந்தது. நாகப்பட்டினத்துக்கு ஒரு வருஷம் முன்னால், 1780 செப்டம்பரில், பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் ஒரு கம்பெனிப் படையைத் துடைத்தெடுத்தபோது, உதவிக்குப் போக வேண்டிய பெரிய படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தவர் இதே ஹெக்டர் மன்றோதான். பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு மதராஸுக்குத் திரும்பினார். மலை மேல் அதற்கு வாசல் எதுவும் இல்லை. சம்பந்தியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "எங்களுக்கு ஜெயித்ததை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்" என்றார். கீழே கடல்கழியில் எண்ணெய் தோண்டும் மேடைகள் வரிசையாக நின்றன. காற்று காதைக் கிழித்தது.

வீடு வந்தால் பெட்டி வரவில்லை.

14 ஜூன், வெள்ளி. எவன்டன்

பெட்டி மாலை நாலு மணிக்கு வந்தது. கூடத்தில் வைத்து எல்லாரும் சுற்றி நிற்கத் திறந்தேன். மெல்லிய காகிதத்தை விலக்கியதும் கறுத்த நீலம், பச்சை. அப்பாடா என்றாள் மனைவி. நான் அப்பாடா என்று சொல்லவில்லை. பச்சையின் நடுவே, கறுப்பு ஓரம் கட்டிய ஒரு வெள்ளை இழை ஓடியது. விரலை நகர்த்தினேன். நீலத்தின் நடுவே சிவப்பு.

செவ்வாய்க்கிழமை செல்கர்க்கில் குடித்த டீ ஞாபகம் வந்தது. "இது மெக்கன்சி" என்றேன்.

கூடம் நிசப்தம். சம்பந்தியின் அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். பார்த்தார். நிமிர்ந்தார். மன்றோக்களுக்கும் மெக்கன்சிகளுக்கும் நானூறு ஐந்நூறு வருஷப் பங்காளிப் பகை மாதிரி ஒன்று, பக்கத்துப் பக்கத்து நிலம். பெண் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பகையாளி கட்டத்தில் வந்து நிற்பதா? மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு இருந்த ஒரே ஆறுதல், தப்பைக் கண்டுபிடித்தது நானே என்பதுதான்.

கடைக்குப் போன். முதல் தடவை பாட்டு. இரண்டாம் தடவை பாட்டு. மூன்றாம் தடவை எடுத்தவர், கால்பந்து வாரம், ஏகப்பட்ட ஆர்டர், பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது என்றார். ஒரே மாதிரியா! எங்கள் ஊரில் ஒரு இழை மாறினால் கூலியில் பிடிப்பார்கள். நாளைக்குள் மாற்றி அனுப்ப முடியாதாம், வாடகையில் 20 பவுண்டு கழித்துக்கொள்வார்களாம்.

வேட்டி இருக்கிறதே, அதையே கட்டிக்கொள்கிறேன் என்றேன். அண்ணன்காரர்தான் தலையாட்டினார். நீ வேட்டியில் வந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் இதைக் கட்டினால் இந்தக் கதையைப் பத்து வருஷம் சொல்லுவோம் என்றார். பிறகு கையை உயர்த்தி, நாளை ராத்திரி பன்னிரண்டு மணி வரை மன்றோ குலம் உனக்கு மன்னிப்பு வழங்குகிறது என்று அறிவித்தார். சபை சிரித்தது. அக்கா மட்டும் மாப்பிள்ளையைப் பார்த்து, "என்னடா சொல்றாரு? சண்டையா?" என்றாள்.

ராத்திரி எட்டு மணிக்கு மேட்ச். ஜெர்மனி 5, ஸ்காட்லாந்து 1. அந்த ஒன்றையும் ஜெர்மனிக்காரரே தன் வலைக்குள் தள்ளிக்கொண்டார். முடிந்ததும் யாரும் பேசாமல் பாத்திரம் கழுவினார்கள். என் கட்டத்தை எல்லாரும் மறந்தே போனார்கள்.

15 ஜூன், சனி. கல்யாணம்

காலையில் சம்பந்தியம்மா மன்றோ கட்டத்தில், சிவப்பும் பச்சையும் மஞ்சள் கோடுமாக, நீளமான ஒரு பட்டையோடு வந்தார். என் மனைவிக்கும் அக்காவுக்கும் தோளில் குத்திவிட. எந்தத் தோள் என்பதில்தான் மரியாதையே. குலத்தலைவரின் மனைவி இடது தோளில் போடலாம், மற்றப் பெண்கள் வலது தோளில். என் மனைவி சிரித்துவிட்டாள். சேலைக்கு முந்தானை இடது தோளில்தானே? வலது தோள் காலியாகத்தான் இருக்கிறது. மயில்கழுத்துப் பட்டின் மேல் அந்தச் சிவப்பு, அளந்து தைத்த மாதிரி உட்கார்ந்தது. அக்காவின் பெண்வீட்டுத் துணிக் கவலை அந்த நிமிஷமே காணாமல் போனது. கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம் நின்றாள்.

கில்ட் எட்டு கஜம். மடிப்பெல்லாம் பின்னால், முன்பக்கம் தட்டை. எட்டு கஜத்தையும் மடித்த பிறகும் பின்னால் கட்டம் உடையாமல் தொடர்கிறது. தைத்தவர் ஒவ்வொரு மடிப்பிலும் வெள்ளை இழையை எண்ணி எண்ணி வைத்திருக்கிறார். வாடகைத் துணிதான், ஆனால் அந்தத் தையலுக்கு ஒரு கும்பிடு போட்டேன். கனம் சொல்லி மாளாது. வேட்டி அவிழுமோ என்று கையை இடுப்பிலேயே வைத்திருந்து பழகியவனுக்கு, பக்கிள் போட்டு நிற்கும் துணி பெரிய நிம்மதி. காற்று விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

சர்ச் வாசலில் ஒரு கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைத் தாடி, என் கட்டமே அவர் இடுப்பிலும்.

"நீங்கள் மெக்கன்சியா?"

வாடகைக் கடை அம்மா சொன்ன ஆள் வந்துவிட்டார். பதில் வைத்துக்கொள்ளச் சொன்னாரே! "இல்லைங்க. ஆனால் உங்கள் ஆள் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து, ஓலைச்சுவடி, கல்வெட்டு, ஊர்க்கதை எல்லாம் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். காலின் மெக்கன்சி. ஸ்டார்னவேக்காரர். அவர் சேர்த்தவற்றில் ஒரு பங்கு இன்னும் சென்னையில் இருக்கிறது" என்றேன், மாப்பிள்ளை மொழிபெயர்க்க. கிழவர் ஒரு நொடி யோசித்தார். அப்புறம் என் இடுப்பைச் சுட்டிக்காட்டினார். போச்சு என்று நினைத்தேன். விஷயம் வேறு. முன்பக்கத்தில் குத்தும் பெரிய ஊக்கை நான் இரண்டு அடுக்கும் சேர்த்துக் குத்தியிருந்தேன். அப்படிக் குத்தினால் துணி இழுக்கும், நடக்கும்போது தொங்காது. மேல் அடுக்கில் மட்டும்தான் குத்த வேண்டும். குனிந்து, அவரே கழற்றி, சரியாகக் குத்திவிட்டார். விருந்தில் எனக்கு விஸ்கி ஊற்றியதும் அவர்தான். மன்றோக்கள் நடுவில் இரண்டே மெக்கன்சிகள், சேர்ந்து உட்கார வேண்டாமா என்றார்.

சீர் தட்டு, மாலை, மோதிரம் எல்லாம் கில்ட் கட்டிய தாய்மாமன் கையால்தான். மாப்பிள்ளைக்கு உருமால் தலைப்பாகை கட்டும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. பிறகு கெய்லி ஆட்டம். கையைக் கோர்த்துக்கொண்டு வரிசை வரிசையாகச் சுழற்றுகிறார்கள். இரண்டாவது சுற்றில் வாடகை ஷூவின் கயிறு அவிழ்ந்து நான் ஒரு ஆறடிப் பெண்மணியின் மேல் போய் விழுந்தேன். அவர் என்னைப் பிடித்து நிறுத்தி, அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்தார். ராத்திரி பத்தரைக்கும் வெளிச்சம். பன்னிரண்டு அடித்ததும் அண்ணன்காரர் கடிகாரத்தைக் காட்டி, மன்னிப்பு முடிந்தது என்றார்.

17 ஜூன், திங்கள். ரயிலில்

பெட்டியைத் திருப்பி அனுப்பியாயிற்று. சொன்ன 20 பவுண்டு கழிவு வரவில்லை. சாக்ஸ் ஒன்று குறைகிறது என்று 12 பவுண்டு கேட்டு மெயில் வந்திருக்கிறது. சாக்ஸ் கெய்லியில் எங்கேயோ போயிருக்கும். கேட்டது நியாயம்தான், கட்டிவிட்டேன்.

சம்பந்தி ஒரு மீட்டர் மன்றோ துணி கொடுத்தனுப்பியிருக்கிறார். மடியில் விரித்துப் போட்டு, குண்டூசி வைத்து ஒவ்வொரு கலரிலும் எத்தனை இழை என்று எண்ணிக் குறித்துக்கொண்டே வந்தேன். திரும்பும் இடம்வரை போவதற்குள் மனைவி இரண்டு தடவை பேச்சுக் கொடுத்தாள், இரண்டு தடவையும் முதலிலிருந்து. படமெடுத்து ஊரில் தறி வைத்திருக்கும் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில்.

"நல்லாருக்குதுங்ண்ணா. லுங்கிக்கு ஓட்டலாமா?"

கேட்டுச் சொல்றேன் என்று போட்டேன்.

"யார்கிட்டங்ண்ணா கேக்கோணும்?"

சம்பந்தியின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது சுரங்கம் வந்து சிக்னல் போய்விட்டது.